பால் கணக்குக் காலண்டரில் ஒரு வட்டம்

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் மருத்துவமனைக்கு வரும் பெண்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "கடைசியா எப்ப வந்துச்சு?" என்பதுதான். பெரும்பாலும் பதில் தடுமாறும். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரே இதற்குப் போதும். உதிரம் பட்ட நாளுக்கு வட்டம், குப்பென்று சூடேறி வியர்த்தால் புள்ளி, தூக்கம் கெட்டால் ஒரு கோடு. மூன்று மாதம் குறித்து எடுத்துவந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

45 வயது தாண்டியவருக்கு ஹார்மோன் பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது. அதில் பார்க்கும் எஃப்.எஸ்.ஹெச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) இந்த மாதம் ஏறும், அடுத்த மாதம் இறங்கும். அந்தப் பணத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை பார்ப்பது நல்லது. தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பும் வியர்வையும் வரும். இரவு வியர்வையோடு இருமலும் எடைக் குறைவும் இருந்தால் காசநோய்க்குச் சளி பார்த்தே ஆக வேண்டும். 40 வயதுக்குள் மாதவிடாய் நிற்பவர்களுக்கு எஃப்.எஸ்.ஹெச். அவசியம்.

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. 11-ஆவது மாதம் வந்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். வருடம் முழுதாகக் கழிந்தபின் கசிவு வந்தால், "திரும்ப வந்திருக்கு, உடம்புல தெம்பு இருக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். தயவுசெய்து அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு துளி என்றாலும் அந்த வாரமே வாருங்கள். உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சவ்வு 4 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. கூடுதலாக இருந்தாலோ, கசிவு திரும்பத் திரும்ப வந்தாலோ, மெல்லிய குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்ப்போம். அடிவயிற்றைச் சில நிமிடம் பிடித்து இழுக்கும், அவ்வளவுதான். பலருக்கும் சவ்வு மெலிந்ததே காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளமும் இதே கசிவுதான், ஆரம்பத்தில் பிடித்தால் குணப்படுத்தவும் முடியும்.

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மருந்தாகத் தருவதுதான் ஹார்மோன் சிகிச்சை. அதைக் கேட்டதும் பலர் பயப்படுவதற்கு, மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் கூடுவதாகச் சொல்லி 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஆனால் அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள், 60 வயதுக்கு முன் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, கல்லீரல் நோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தால் கொடுப்பதில்லை. மாத்திரையைவிட ஜெல்லுக்கு எங்கள் ஓட்டு, ஏனென்றால் அது தோல் வழியே போவதால் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுவதில்லை. குளித்து நன்றாகத் துவட்டியபின் தோளிலிருந்து மணிக்கட்டு வரை மெல்லிசாகப் பரப்பி, காய்ந்தபிறகே ரவிக்கையை மாட்டுங்கள். மார்பில் தடவக் கூடாது. கையைக் கழுவாமல் பேரப்பிள்ளையைத் தூக்கினால் மருந்து குழந்தையின் தோலில் ஒட்டும்.

கர்ப்பப்பை இருப்பவர்கள், உட்சவ்வு தடிக்காமல் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனும் எடுக்க வேண்டும். வழக்கமாக இரவு படுக்கும்போது தினம் 100 மி.கி., அல்லது மாதத்தில் 12 நாள் 200 மி.கி. தூக்கக் கலக்கம் தரும் என்பதால்தான் இரவு. ஜெல்லை மட்டும் வைத்துக்கொண்டு இதை நிறுத்துபவர்களுக்கு உட்சவ்வு தடித்து, புற்றுநோய் வரைக்கும் போகலாம்.

பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு. இதைச் சொல்ல வெட்கப்பட்டு, "சூடு" என்று இளநீரும் பார்லியும் குடித்தே வருடங்களைக் கடத்துகிறார்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். உடல்சூடும் வியர்வையும் பலருக்கும் சில ஆண்டுகளில் தணியும், வறட்சி தானாகத் தணியாது. எஸ்டிரியால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) கிரீம் வழக்கமாக 0.5 மி.கி. அளவு, இரண்டு வாரம் தினமும் இரவில் உள்ளே வைக்க வேண்டும், பிறகு வாரம் இரண்டு முறை. சரியாகிவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும். இதற்குப் புரோஜெஸ்டிரோன் வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கட்டும்.

எலும்பு, மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாகத் தேயும். நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் வேண்டும், 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மி.கி. கிடைக்கும். கால்சியம் மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரம் விடுங்கள். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில், இளவயது எலும்போடு ஒப்பிட்டுத் தரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போயிருந்தால் எலும்புப்புரை. அதற்குத் தரும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. வாரம் ஒன்று: காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு. காபியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. விழுங்கிவிட்டு அரை மணி நேரத்துக்குள் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம்.