ஸ்னேர் வழிக்கு வந்தது, கிட்டார் இன்னும் பாக்கி

ஒருவழியாக ஸ்னேர் டிரம்மின் அடி அடியாகவே கேட்கிறது. மிக்ஸ் செய்து பழக, மிக்ஸிங் புத்தகங்கள் எழுதிய மைக் சீனியரின் கேம்பிரிட்ஜ்-எம்டி இலவச மல்டிட்ராக் நூலகத்தில் (ஒவ்வொரு மைக்கின் பதிவும் தனித்தனியாகக் கிடைக்கும்) இறக்கிய கனமான ராக் பாட்டு. ரெக்கார்டிங் அருமை. ஸ்னேருக்கு மேலே வைத்த டாப் மைக்கைத் தனியாகப் போட்டால் நெஞ்சில் அறைகிறது. டிரம்ஸுக்கு மேலே உயரத்தில் வைத்த ஓவர்ஹெட் மைக் இரண்டையும் ஏற்றியதும் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற சத்தம்.

யாரைக் கேட்டாலும் "ஈக்யூவில் 200 ஹெர்ட்ஸைத் தூக்கு" என்பார்கள், அதாவது அந்த அதிர்வெண்ணைக் கூட்டச் சொல்வார்கள். தூக்கினால் ஸ்னேர் வீங்குகிறது, அடி வருவதில்லை. அங்கே ஒலி குறைவாக இல்லையே, இரண்டு மைக்கும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கின்றன. ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் விஷயம் தெரிந்துவிடும். டாப் மைக்கில் விழுந்த அடி, இடது ஓவர்ஹெட்டுக்கு 140 சாம்பிள் கழித்து வருகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் நொடிக்கு 44,100 சாம்பிள்; ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 129 சாம்பிள். அப்படியென்றால் தூர வித்தியாசம் 1.1 மீட்டர், தாமதம் 3.2 மில்லிசெகண்ட். இரண்டையும் கூட்டும்போது அரை அலை பிந்துகிற 157 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அழித்து முதல் பள்ளம் விழும். ஸ்னேரின் தடிப்பே அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது!

அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனைத் திருப்பினால் 157 நிமிர்கிறது, ஆனால் பள்ளம் 315-க்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது, அடித்தொனியும் மெலிகிறது. பாதி வைத்தியம். கடைசியில் ரீப்பரின் டைம் அட்ஜஸ்ட்மென்ட் டிலேயைப் போட்டு ஓவர்ஹெட் இரண்டையும் சேர்த்தே 140 சாம்பிள் முன்னுக்கு இழுத்தேன். வலது பக்கம் இன்னும் 12 சாம்பிள் பிந்துகிறது, ஒன்பது சென்டிமீட்டர்தான். அதையும் சரிசெய்தால் ஸ்னேர் நடுவில் ஆணி அடித்ததுபோல் நிற்கும், சிம்பல்களின் பரவல் கொஞ்சம் கெடும். எனக்குச் சிம்பல்தான் முக்கியம், விட்டுவிட்டேன். ரூம் மைக்கில் கைவைக்கவே இல்லை. அந்தத் தாமதம்தான் அறையின் அளவைக் காட்டுகிறது. அதையும் நேராக்கிவிட்டு அப்புறம் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போடுகிறவர்களை எனக்குப் புரியவில்லை.

ஸ்னேருக்குக் கீழே வைத்த பாட்டம் மைக்கின் அலை வழக்கம்போல் தலைகீழ். கிக், டாம் எல்லாம் சீக்கிரம் முடிந்தன.

இத்தனையும் ஹெட்போனில்தான். இலங்கை மலையகத்து அட்டனில் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் தகரக் கூரைக்குக் கீழே ஸ்பீக்கர் வெறும் அலங்காரப் பொருள். நடுவில் ஹெட்போன் வயர் ஒரு பக்கம் செத்துப்போனது. புதிதாக வாங்க கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா வரை போக வேண்டுமே என்று நினைத்தேன்; டவுனில் போன் ரிப்பேர் செய்கிற தம்பி ஈயம் வைத்துத் தந்துவிட்டார். இரைச்சல் துளியும் இல்லை. மிச்சமான காசு ரீப்பரின் 60 டாலர் லைசன்ஸுக்கு.

இந்த நூலகப் பாட்டுகள் படித்துப் பழகத்தான், காசுக்கு வெளியிட முடியாது. அதனால் சொந்தமாக ஒன்று ரெக்கார்ட் செய்யும் ஆசை வந்துவிட்டது: எங்கள் மலையகத்துக் காமன் கூத்துக்கு அடிக்கிற தப்பு மேளம், மேலே டிஸ்டார்ஷன் கிட்டார். மேல் லயத்து அண்ணனிடம் கிட்டத்தில் ஒரு மைக், தலைக்கு மேல் ஒரு மைக் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் அப்புறம்டா தம்பி. இந்தக் குளிருக்கு மொதல்ல தப்ப காய்ச்சணும், நெருப்புக்கு எங்க போவ?" என்றார். நியாயம்தான். தோல் தொய்ந்துவிட்டால் மைக்கை எங்கே வைத்தும் பயனில்லை. வீட்டுக்குள் நெருப்பு மூட்டவும் முடியாது. மழை விட்டதும் கோயில் பக்கத்து வெளியில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

அதற்குள் இந்தப் பாட்டின் ரிதம் கிட்டார்களை முடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆம்ப் முன்னால் இரண்டு மைக், கூடவே ஆம்ப் வழியே போகாமல் கிட்டாரிலிருந்து நேரடியாக எடுத்த ஒரு டிஐ. இரண்டாவது மைக்கைச் சேர்த்ததும் கிட்டார் மெலிகிறது. சாம்பிள் எண்ணுகிற வேலை மறுபடியும்.