சண்டை பாம்புகளுக்கு, தவம் அம்மனுக்கு

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் மூன்று சந்நிதிகள். ஒரு பக்கம் சங்கரலிங்கம், மறுபக்கம் கோமதி அம்மன், இருவருக்கும் நடுவில், சிவனும் பெருமாளும் ஓருருவான சங்கரநாராயணர். அம்மனின் தவத்தைக் கொண்டாடும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நான் போயிருந்தபோது நடுச் சந்நிதியில் நகரவே இடமில்லை. நெருக்கித் தள்ளிக்கொண்டுதான் தரிசனம். ஆனாலும் அந்தத் திருமேனியைக் கண்டதும் சற்று நின்று பார்க்கத்தான் தோன்றியது.

வலப்பக்கம் சிவன்: சடை, பிறை, மழு, புலித்தோல். இடப்பக்கம் பெருமாள்: கிரீடம், சங்கு, துளசி மாலை, பீதாம்பரம். பேயாழ்வார் திருமலையில் இப்படியொரு கோலத்தைக் கண்டு, 'இரண்டுருவும் ஒன்றாய் இசைந்து' என்று பாடினார். இசைந்து என்றாலும் இரண்டும் கரைந்துபோய்விடவில்லை. சடை சடையாகவே இருக்கிறது, கிரீடம் கிரீடமாகவே இருக்கிறது.

பூஜையிலும் அப்படித்தான். சிவன் அபிஷேகப் பிரியர், பெருமாள் அலங்காரப் பிரியர் என்பார்கள். இருவரும் ஒரே உடம்பில் நின்றால் அர்ச்சகர் என்ன செய்வார்? இங்கே சங்கரநாராயணருக்கு அபிஷேகம் கிடையாது. அதை அங்கேயுள்ள ஸ்படிக லிங்கத்துக்குச் செய்கிறார்கள். யாருடைய முறையும் விட்டுப்போகாமல் வழி கண்டிருக்கிறார்கள். எத்தனையோ ஊர்ச் சமாதானப் பேச்சுகளில் இந்த அளவு யோசனைகூட இருப்பதில்லை.

தலபுராணம் தெரிந்ததுதான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். சங்கனுக்குச் சிவனே பெரியவர், பதுமனுக்குத் திருமாலே பெரியவர். வாதம் முற்றி அம்மனிடம் வந்து நின்றார்கள். அவள் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். ஒருவர் கணவர், மற்றவர் அண்ணன், அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அவள் தீர்ப்பே சொல்லவில்லை. ஈசனிடம் இரண்டு வடிவையும் ஒன்றாகக் காட்ட வேண்டி, புன்னை வனத்தில் தவத்துக்குப் போய்விட்டாள்.

தெற்கு ரத வீதியில் தபசு மண்டபத்துக்கு எதிரே காத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சியிடம் இதைத்தான் கேட்டேன். "எதுக்கு ஆச்சி, சண்டை போட்டது அவங்க, தவம் இவளுக்கா?"

"வேற யாருய்யா இருப்பா? ரெண்டு பிள்ளைக அடிச்சிக்கிட்டா, பெத்தவதான ஒத்தக்கால்ல நிக்கணும். அவனுவ நிப்பானுவளா?"

அவர் மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு தரப்புக்கு நடுவில் பஞ்சாயத்து பேச வருகிறவர் பெரும்பாலும் தீர்ப்போடுதான் வருவார். தனக்கு வலிக்கும்படி எதையும் ஏற்க மாட்டார். இங்கே நடுவில் நிற்பவள்தான் அந்தச் சண்டையின் பாரத்தைச் சுமக்கிறாள். சமரசம் என்றால் அதற்கு ஒருவர் விலை கொடுத்தாக வேண்டும் என்பதை இந்தத் தலத்தில்தான் தெளிவாக உணர்ந்தேன்.

'எல்லாம் ஒன்றுதானே' என்று சொல்லிவிடுவது சுலபம். தத்துவமாக அது சரியாகவே இருக்கலாம். ஆனால் காயம்பட்டவனிடம் அதைச் சொன்னால் அவன் வாயை அடைப்பதாகத்தான் ஆகும். இந்தக் கோயிலின் கதையிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. புன்னை வனத்தில் புற்றை வெட்டும்போது லிங்கத்தை முதலில் கண்டவர், அந்தத் தோட்டத்தைக் காத்துவந்த காவற்பறையன். அவர் போய்ச் சொன்ன பிறகே உக்கிரபாண்டியன் வந்து கோயில் எடுத்தார் என்கிறது தலவரலாறு. கண்டுபிடித்தவரின் பெயரை இன்றும் சொல்கிறோம். ஆனால் அவர் குலத்தாருக்குத் தமிழகத்தின் பெரிய கோயில்கள் எத்தனை காலம் மூடிக் கிடந்தன! 1939-ல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்தது, 1947-ல் சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. சிவனும் திருமாலும் ஒன்று என்று அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே பாடிய மண் இது. தெய்வங்களைச் சேர்த்துவைக்கக் காட்டிய அக்கறையை மனிதர்களிடம் காட்ட இத்தனை தாமதமா என்று மனம் கனத்துப்போனது. பக்தி உள்ளவர்கள்தான் இதை முதலில் பேச வேண்டும்.

பிரசாதமாகக் கிடைப்பது புற்றுமண். நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள், கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்துப்போகிறார்கள். அம்மன் சந்நிதிக்கு முன்னால் உள்ள சக்கரக் குழியில் மனம் நொந்தவர்களைக் கூட்டிவந்து உட்காரவைக்கிறார்கள். ஓர் அப்பா தன் மகளை அங்கே உட்காரவைத்துவிட்டு, கை கூப்பியபடி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவருக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

மாலையில் தபசுக் காட்சி. தவக்கோலத்தில் அம்மன் காத்திருக்க, ரிஷப வாகனத்தில் சங்கரநாராயணர் வந்தார். கூட்டம் ஒரே குரலாக எழுந்தது. விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, மிளகாய் வத்தல், நெல், பூ என்று அள்ளி அள்ளிச் சப்பரத்தின் மேல் வீசினார்கள். என் தோளிலும் நாலைந்து வத்தல் விழுந்தது. சங்கன் கட்சி எது, பதுமன் கட்சி எது என்று அந்தக் கூட்டத்தில் பிரித்துச் சொல்லவே முடியாது.

இத்தோடு முடிந்தது என்று பலரும் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்புறம் இரவில் இன்னொரு காட்சி உண்டு. சேர்ந்த கோலத்தைக் கண்ட அம்மன், 'இனி உங்கள் பழைய வடிவையே காட்டுங்கள்' என்று வேண்டுகிறாள். சங்கரலிங்கராக, யானை வாகனத்தில் சுவாமி மறுபடி எழுந்தருள்கிறார். இதையும் தலபுராணத்தில் வைத்தவர்களுக்கு எவ்வளவு விவேகம்! ஒரு தடவை சேர்ந்து நின்றதற்காக, தன் பழைய வடிவத்தை யாரும் நிரந்தரமாக இழக்க வேண்டியதில்லை. ஆடித்தபசுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து மாலையோடு திரும்பிவிடாதீர்கள், இரவு வரை இருந்து இரண்டாவது காட்சியையும் பாருங்கள்.