சூசான் அரமனை வாசலில்

எங்கள் ஆச்சிக்கு வேதாகமத்தின் எஸ்தர் புத்தகம், பாரசீக ராஜாவுக்கு அரசியான யூதப் பெண்ணின் கதை, ஏறக்குறைய மனப்பாடம். மாலை ஜெபத்தில் அதை வாசிக்கும்போது "சூசான் அரமனை" என்று வரும் இடத்தில் அவர் குரல் சற்று உயரும். பள்ளிக்கூடத்தில் 'அரண்மனை' என்று எழுதப் பழகிய எனக்கு, வேதாகமத்தில் வரும் 'அரமனை' அந்த ஒரு ஊருக்கே சொந்தமான சொல் என்று நெடுநாள் எண்ணம். அந்த ஊர் இன்னும் இருக்கிறது, அங்கே ரொட்டிக் கடையும் பள்ளிக்கூடமும் சந்தையும் உண்டு என்று எனக்குத் தெரிய வந்தபோது ஆச்சி உயிரோடு இல்லை. அவருடைய பழைய வேதாகமத்தைப் பையில் எடுத்துக்கொண்டு ஒரு நவம்பர் மாதம் நானும் என் கணவரும் புறப்பட்டோம்.

இன்று அதன் பெயர் ஷூஷ். ஈரானின் தென்மேற்கில் கூஸெஸ்தான் மாகாணத்தில், அஹ்வாஸ் நகரிலிருந்து வடக்கே சுமார் 115 கிலோமீட்டர். ஈரான் என்றால் மலையும் பனியும் என்று எண்ணிப் போன எங்களுக்குத் தட்டையான சமவெளிதான் எதிர்ப்பட்டது. ஹஃப்த் தப்பே பக்கம் வந்ததும் சாலையோரமெல்லாம் கரும்பு. கோடையில் இங்கே வெயில் 50 டிகிரியைத் தொடும். அந்த மாதத்தில் போக வாய்த்தது ஆண்டவர் கிருபை.

ஊரை நெருங்கும்போதே வெள்ளைக் கூம்பு கண்ணில் பட்டுவிடுகிறது. தேன்கூட்டை நிமிர்த்தி வைத்தாற்போல, அடுக்கடுக்காக முகடுகள் வைத்து மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே செல்லும் கோபுரம். அதன் கீழேதான் தானியேல் தீர்க்கதரிசியின் கல்லறை என்று இந்த ஊர் தலைமுறை தலைமுறையாக நம்புகிறது. 1869-ஆம் ஆண்டு வெள்ளம் பழைய கட்டடத்தைக் கொண்டுபோன பிறகு எழுப்பப்பட்டது இப்போதுள்ளது. பக்கத்திலேயே ஷாவூர் ஆறு ஓடுகிறது. கல்லறையைச் சுற்றித்தான் கடைவீதி: பேரீச்சம்பழம், துணி, எண்ணெயில் பொரியும் ஃபலாஃபெல். பாரசீகமும் அரபியும் கலந்து காதில் விழுகின்றன.

வாசலில் எனக்கு ஒரு சாதர் கொடுத்தார்கள். தலை முதல் கால் வரை மூடும் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நடக்கவே எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கணவர் ஆண்கள் பக்கம் போக, நான் பெண்கள் பக்கம் போனேன். உள்ளே சுவரும் கூரையும் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளால் இழைத்தவை. ஒரு விளக்கு அங்கே ஆயிரம் விளக்காகிறது. நடுவில் கம்பிச் சட்டத்துக்குள் கல்லறை. பெண்கள் கம்பிகளைப் பற்றிக்கொண்டு, நெற்றியை அதில் சாய்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்லறையைத் தொட்டு வேண்டும் வழக்கம் எங்கள் சபையில் இல்லை. மரித்தவர்களிடம் அல்ல, ஜீவனுள்ள தேவனிடம் ஜெபி என்று வளர்க்கப்பட்டவள் நான். அதனால் இரண்டடி தள்ளியே நின்றேன். தானியேல் இங்கே மரித்தார் என்று வேதாகமம் சொல்லவும் இல்லை. தானியேல் புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தில், ஏலாம் தேசத்துச் சூசானில் ஊலாய் ஆற்றங்கரையில் தாம் இருப்பதாகத் தரிசனத்தில் காண்கிறார், அவ்வளவுதான். அவருடைய கல்லறை தங்களிடம் இருக்கிறது என்று சமர்கந்தும் கிர்குக்கும் சொல்லிக்கொள்கின்றன. இவையெல்லாம் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இருந்த ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்து, "ஹெந்த்?" என்று கேட்டார். இந்தியாவா என்று கேட்கிறார். ஆமென்று தலையசைத்தேன். தம் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பேரீச்சம்பழங்களை என் உள்ளங்கையில் வைத்தார். நேர்ச்சைக்காகக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுக்கிறார்களாம், பிறகு ஓட்டுநர் சொன்னார். அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். யாருக்காக அழுதார் என்று கேட்க எனக்கு மொழி இல்லை. அவர் அருகிலேயே முழங்காலில் நின்று, தானியேலின் தேவனே, இந்த அம்மாவின் கண்ணீருக்குச் செவிகொடும் என்று ஜெபித்தேன். இப்படி ஒரு ஜெபத்தை இதற்கு முன் நான் ஏறெடுத்ததில்லை.

ஏழாம் நூற்றாண்டில் முஸ்லிம் படை இந்த ஊருக்கு வந்தபோது தானியேலின் உடல் இங்கே கண்டெடுக்கப்பட்டதாகவும், கலீஃபா உமரின் கட்டளைப்படி ஆற்றைத் திருப்பிவிட்டு அதன் படுகையில் அடக்கம் செய்து, மறுபடி தண்ணீரை ஓடவிட்டதாகவும் இஸ்லாமிய மரபு சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வந்த, ஸ்பெயினின் துதேலா ஊர் யூதப் பயணி பெஞ்சமின் வேறொன்று எழுதிவைத்திருக்கிறார். ஆற்றின் ஒரு கரையில் செல்வர்கள், மறுகரையில் ஏழைகள். தானியேலின் உடல் வைத்த பெட்டி இருக்கும் கரைதான் செழிக்கிறது என்று இரு கரையாரும் சண்டையிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு கரை என்று முறைவைத்தும் பார்த்தார்கள். கடைசியில் சுல்தான் சஞ்சார், பாலத்தின் நடுவே, இரு கரைக்கும் சரிசமமான தொலைவில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சங்கிலியில் தொங்கவிடச் செய்தாராம். வரலாறாக நிற்குமோ நிற்காதோ, ஏழைகளின் கரைக்கும் தானியேல் வேண்டியிருந்தார் என்பதை நான் நம்புகிறேன்.

நண்பகல் தொழுகைக்குக் கூட்டம் சேர்ந்தது. இங்கே ஷியா முஸ்லிம்கள் ஐவேளைத் தொழுகையைப் பெரும்பாலும் மூன்று நேரங்களில் சேர்த்துத் தொழுகிறார்கள். எருசலேமுக்கு நேராகப் பலகணிகளைத் திறந்து வைத்து, தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்ட மனிதரின் பெயரால் அமைந்த இடத்தில், மூன்று வேளை. சிங்கக் கெபியில் போடுவார்கள் என்று தெரிந்தும் அவர் அந்தப் பலகணியைச் சாத்தவில்லை.

கல்லறைக்கு எதிரே மேடு. ஆறாயிரம் ஆண்டு ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் புதைந்திருக்கின்றன. ஏலாமியர் ஆண்டார்கள், கி.மு. 647-இல் அசீரிய மன்னன் அசுர்பானிபால் சூறையாடினான். பின்பு பாரசீகர், அலெக்சாந்தர். மேட்டின் உச்சியில் கோட்டை போல் நிற்பது, 1897 முதல் இங்கே தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் தெ மோர்கன் தம் குழு தங்குவதற்குக் கட்டியது. பழைய ஊரின் செங்கற்களையே எடுத்துக் கட்டினார்கள். பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டங்கள் பொறித்த கல்லும் இந்த மேட்டிலிருந்துதான் கிடைத்தது. வண்ணச் செங்கல்லில் வார்த்த வில்வீரர்களும் இந்த ஊர்க்காரர்கள். பெரும்பாலும் பாரிஸில் இருக்கின்றன. ஷூஷ் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் புத்தகப் படத்தில் பார்க்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

பாரசீக மன்னன் தரியு கட்டிய அரமனையில் இன்று இருப்பது தரைமட்டச் சுவர்க்கோடுகளும் உடைந்த தூண்களின் பீடங்களும்தான். பெரிய மண்டபத்திலும் அதன் முகப்புகளிலுமாக 72 தூண்கள் நின்றனவாம். ஆனால் இதைக் கட்டியவன் தன் கல்வெட்டில் எதை எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று கணக்கு எழுதிவைத்திருக்கிறான். கேதுருமரம் லீபனோனிலிருந்து, தந்தம் எத்தியோப்பியாவிலிருந்தும் சிந்துவிலிருந்தும். எஸ்தர் புத்தகத்தின் முதல் வசனத்தைத் திறந்தேன். "இந்து தேசமுதல் எத்தியோப்பியா தேசம்வரைக்கும்" 127 நாடுகளை ஆண்ட அகாஸ்வேரு. அதே இரண்டு எல்லைகள். ஆச்சி இந்தப் பக்கத்தில் எத்தனை முறை விரல் வைத்திருப்பார்! வசனத்தின் ஓரம் கறுத்திருக்கிறது.

அரமனைக்குக் கிழக்கே சற்று நடந்தால் வாசல். 1970-களில் தோண்டி எடுத்தார்கள். 1972-இல் தலையில்லாத தரியு சிலை கிடைத்ததும் இங்கேதான். அது இப்போது தெஹ்ரான் அருங்காட்சியகத்தில். இந்த வாசலைத் தன் தகப்பன் தரியு கட்டினான் என்று ஸெர்க்ஸஸ் எழுதிவைத்த வரிகளும் கிடைத்திருக்கின்றன. அகாஸ்வேரு என்று நாம் வாசிப்பது இந்த ஸெர்க்ஸஸைத்தான் என்பது பலரின் கருத்து. அப்படியானால் எஸ்தரை வளர்த்த மொர்தெகாய் உட்கார்ந்திருந்த அரமனை வாசல் இதுவாக இருக்கக்கூடும். ராஜாவின் அதிகாரி ஆமானுக்கு முன் அவர் முழங்காற்படியிடாமல் இருந்ததும், இரட்டுடுத்திச் சாம்பல் போட்டுக்கொண்டு கதறியபடி வந்து நின்றதும் இந்த வாசலுக்கு முன்பாகத்தான்.

கல்லறையில் மண்டியிட யோசித்த எனக்கு இங்கே யோசனை வரவில்லை. தூண்பீடத்தின் பக்கம் வெறும் மண்ணில் உட்கார்ந்து, எஸ்தர் புத்தகத்தின் நான்காம் அதிகாரத்தை வாய்விட்டு வாசித்தேன். காற்று தாளைப் புரட்டியது. கணவர் குனிந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "நான் செத்தாலும் சாகிறேன்" என்று, தன் ஜனத்துக்காக அழைப்பில்லாமல் ராஜாவிடம் போகத் துணிந்து எஸ்தர் சொல்லும் இடம் வந்தபோது என் குரல் நின்றுவிட்டது. மிச்ச வசனத்தை அவர் வாசித்தார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மேட்டைப் பூட்டும் நேரமாகிவிட்டதென்று காவலாளி கையசைத்தார். பைக்குள் வேதாகமத்தை வைக்கும்போது, மூதாட்டி தந்த பேரீச்சம்பழங்கள் கைக்குட்டையில் அப்படியே இருந்தன. ஒன்றைக் கணவருக்குக் கொடுத்தேன், ஒன்றை நான் தின்றேன். கீழே வெள்ளைக் கூம்பில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். இறங்கி வரும்போது அங்கிருந்து பாங்கு ஒலித்தது. அன்றைக்கு அது மூன்றாம் வேளை.