மேற்கு பார்த்த டேஷ்போர்டு

என் மாமனாரின் கார் 2004ஆம் ஆண்டுப் பதிவு. பதினைந்து ஆண்டு முடிந்து 2019இலும், அதன் பிறகு 2024இலும் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பித்துவிட்டார். இரண்டு தடவையும் இன்ஜினில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை என்பது அவர் யாரிடமும் சொல்லத் தவறாத பெருமை. உள்ளே எட்டிப் பார்ப்பவர்களிடம் மட்டும் அந்தப் பெருமை செல்லாது. வில்லாபுரத்தில், பேருக்குக்கூட ஒரு மரமில்லாத தெருவில், எப்போதும் முகத்தை மேற்கே வைத்து நிற்கும் அந்த வண்டியின் டேஷ்போர்டு, முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுத் துளைகளில் தொடங்கி இடது கதவு வரைக்கும் சித்திரை மாதத்துக் கண்மாய்போல வெடித்துக் கிடந்தது.

வெயில் பட்டால் நிறம் வெளுக்கும், சரி. ஏன் வெடிக்க வேண்டும்? அடியில் நுரைப்பஞ்சும் மேலே மெல்லிய பி.வி.சி. தோலுமாகச் செய்யப்பட்ட டேஷ்போர்டில், அந்தத் தோலை இளக்கமாக வைத்திருப்பதற்கென்றே பிளாஸ்டிசைசர் என்ற ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிய வண்டிக்குள், மதுரைக் கோடையில், டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியசைக்கூடத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் மங்கலான பிசுக்காகப் படிகிறது. தோலோ சுருங்கி, விறைத்து, ஒரு நாள் கீறல் விடுகிறது. மாமனார் வாரந்தோறும் கண்ணாடியில் ஏதோ அழுக்கு என்று தேய்த்துத் துடைத்தெறிந்தது, தன் டேஷ்போர்டையேதான். போதாக்குறைக்கு, கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஊரில் பலர் போலீஸ் மடக்கும்வரை பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்க, இவர் உடனே பிளேடும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்து சுரண்டி எடுத்துவிட்டார்.

முதல் வைத்தியம் மாமியாருடையது. “வறண்டு போனதுக்கு எண்ணெய் வைக்காம, சும்மா பாத்துக்கிட்டிருந்தா வெடிக்காம என்ன செய்யும்?” என்று கேட்டு, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்தார். அந்தக் கேள்வியில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம். மாலைக்குள் டேஷ்போர்டு கன்னங்கரேலென்று மின்னியது. தெருப் புழுதி முழுவதும் அதில் வந்து குடியேறிய பிறகு அந்த மினுமினுப்பு போய்விட்டது, வாசனை மட்டும் நின்றது. உச்சி வெயிலில் கதவைத் திறந்தால், உள்ளே யாரோ முறுக்குச் சுடுவதாகவே தோன்றும். போன பிளாஸ்டிசைசரை எந்த எண்ணெயும் திரும்பக் கொண்டு வராது. கடையில் புட்டியில் விற்கிற பளபளப்பு திரவங்களும் வெடிப்பை மூடுவதில்லை, மேலே வழுக்கிக்கொண்டு நிற்பதோடு சரி.

அடுத்து மாமனார், நிழல்தான் மருந்து என்று முடிவு செய்து, ஒரு பழைய சுங்குடிச் சேலையை நாலாக மடித்து டேஷ்போர்டின் மேல் விரித்தார். வண்டி நிற்கும்வரை அது நல்ல யோசனைதான். ஓடத் தொடங்கியதும், அந்தச் சேலையின் வெள்ளைப் புள்ளிகள் அத்தனையும் முன்கண்ணாடியில் பிரதிபலித்து, தெற்குவாசல் பாலத்தில் எதிரே வந்த பேருந்தும், அதற்குப் பின்னால் வந்த மாட்டு வண்டியும், ஓரமாக நடந்துபோன மனிதர்களும் சுங்குடி உடுத்தியே வந்தார்கள். டேஷ்போர்டை ஏன் பெரும்பாலும் மங்கலான கறுப்பிலும் சாம்பலிலும் செய்கிறார்கள் என்பதை நான் அந்தப் பாலத்தில், பின் இருக்கையின் ஓரத்தை இறுகப் பிடித்தபடி புரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்த குடும்பம், திருப்பரங்குன்றத்துக் கல்யாணத்தோடு பொறுமையிழந்தது. வண்டியின் கூரைத் துணி ஏற்கெனவே தொய்ந்து தொங்கியது. அத்துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய நுரை, தகரக் கூரையின் சூட்டில் வெந்து வெந்து, தொட்டால் உதிரும் ஆரஞ்சு நிறப் பொடியாகியிருந்தது. சின்ன மாமனார் நல்ல உயரம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவருடைய தலை கூரையை முட்ட, துணியின் ஓரக் கிழிசல் வழியாகப் பொடி அவர்மேல் சன்னமாகக் கொட்டிக்கொண்டே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. மண்டப வாசலில் நின்ற சிறுமி பன்னீரைத் தெளித்ததும் அந்தப் பொடி குழைந்து, புதிதாகச் சாயம் பூசிய தலையிலிருந்து நெற்றி வழியே வெள்ளைச் சட்டைக் காலருக்கு இறங்கியது. “தாத்தா, உங்களுக்கு ஏற்கெனவே சந்தனம் வச்சுட்டாங்க போல” என்று கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள் அவள். சந்தனம் கிடைக்காததை அவர் மன்னித்துவிட்டார். தாத்தாவைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதன் பிறகே வண்டி, காளவாசல் பக்கமுள்ள ஒரு சீட் கவர் கடைக்குப் போனது. கடைக்காரர் கூரைத் துணியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, பழைய பொடியின் மேலேயே பசை தடவி ஒட்டினால் பசை பொடியைத்தான் பிடிக்கும், நுரைக்குப் பின்னாலிருக்கும் கூரைப் பலகையைப் பிடிக்காது, அடுத்த அக்னி நட்சத்திரத்தில் மறுபடியும் தலையில் விழும் என்றார். ஆகவே பலகையையே கழற்றி வெளியே எடுத்து, பிரஷ் போட்டு நுரையை அடியோடு தேய்த்து, சூடு தாங்கும் பசையைப் பலகையிலும் புதுத் துணியிலும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்தினார்கள். கழற்றும்போது கண்ணாடி ஓரத்துப் பிளாஸ்டிக் பட்டைகளின் கிளிப்புகள், இருபது வருட வெயில் தின்றதில், முறுக்கு மாதிரியான சத்தத்தோடு ஒவ்வொன்றாக உடைந்தன.

டேஷ்போர்டுக்கு ரெக்சின் போர்த்துவது என்று முடிவாயிற்று. ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் அதன் மூடிமேல் போர்த்த மாட்டேன், விபத்தில் பை கிழித்துக்கொண்டு வெளியே வர முடியாமல் போகும் என்று கடைக்காரர் கறாராகச் சொன்னார். இந்த வண்டி பிறந்தபோது அதற்கு ஏர்பேக் கொடுக்கப்படவில்லை என்பதால் அந்தச் சிக்கல் எழவில்லை. மாமனார் சந்தன நிறம் கேட்டார். சின்ன மாமனார் திரும்பிப் பார்த்த பார்வையில் கறுப்புக்கு ஒப்புக்கொண்டார்.

“கழட்டுனா திரும்ப மாட்டிருவீங்கல்ல தம்பி?”

“மாட்டிரலாம்ணே. மாட்டி முடிச்சதும் எப்படியும் ரெண்டு ஸ்க்ரூ மிஞ்சும், அதுக்கெல்லாம் பயப்படக் கூடாது.”

மூன்று மிஞ்சின. மாமனார் அவற்றைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழி நெடுகிலும் எந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது என்று காதைத் தீட்டியபடி வந்தார். கேட்கவில்லை.

இப்போது புது டேஷ்போர்டில் வெயில் படக் கூடாது என்று வண்டியைக் கிழக்கே திருப்பி நிறுத்தப் போக, பின்பக்கத் தட்டு வெளுத்துவிடுமே என்ற புதுக் கவலை வந்துவிட்டது. ஒற்றைப்படைத் தேதியில் முகம் மேற்கு, இரட்டைப்படைத் தேதியில் கிழக்கு என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார். மே 31ஐ அடுத்து ஜூன் 1 வருவதால், டேஷ்போர்டுக்குத் தொடர்ந்து இரண்டு நாள் வெயில் விழும் அநியாயத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்று நேற்று என்னிடம் கேட்டார்.