அம்மா வீட்டுப் பெயரைத் தேடிப் போனது

பிரான்சில் குடும்பப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. பத்து லட்சத்துக்கு மேல் தேறும் என்பார்கள். எண்ணிக்கையில் முதலிடம் மார்த்தேன் என்ற பெயருக்கு. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு மார்த்தேன் உட்கார்ந்திருப்பார். மறுபக்கம், நாடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரே குடும்பத்துக்குள் முடிந்துவிடுகிற பெயர்களும் ஏராளம். என் அம்மா வீட்டுப் பெயர் அந்த ரகம். அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் வீட்டுக் கதவு எண்ணையே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் எல்லாரும் பெண்கள். பிரான்சில் 2005க்கு முன்பு திருமணமான தம்பதியின் பிள்ளைக்கு அப்பா பெயர்தான். அம்மா பெயரைக் கொடுக்க வழியே கிடையாது. ஆகவே அம்மாவோடும் சின்னம்மாக்களோடும் எங்கள் கிளையில் அந்தப் பெயர் முடிந்துவிடும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022 மார்ச்சில் வந்த சட்டம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல், வயது வந்த யாரும் தன் அம்மா பெயரையோ அப்பா பெயரையோ இரண்டையும் சேர்த்தோ எடுத்துக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் இல்லை. வாழ்நாளில் ஒரே முறை மட்டும்.

சரி, எடுத்துக்கொள்வதற்கு முன் அது எங்கிருந்து வந்த பெயர் என்று பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

வீட்டில் ஒரு கதை உண்டு. கவர்னர் ஒருவர் தாத்தாவின் தாத்தாவைக் கூப்பிட்டு, தோளைத் தட்டி, இந்தப் பெயரைக் கொடுத்தாராம். இதே கதையை இன்னும் பல புதுச்சேரிக் குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். அத்தனை பேருக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்தால் அந்தக் கவர்னர் வேறு வேலையே பார்த்திருக்க முடியாது. நடந்தது வேறு. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஓர் அரசாணை வந்தது. பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் வாழும் இந்தியர் யாரும், எந்தச் சாதியாக, எந்த மதமாக இருந்தாலும், 21 வயது முடிந்திருந்தால் தன் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். அப்படித் துறந்தவர்கள்தான் ரெனோன்சான்கள். துறக்கும்போது ஒரு குடும்பப் பெயரும் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். அது அவருக்கும் மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் சேர்த்து. பொன்னுத்தம்பிப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1873இல் காலில் ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார் என்பதற்காக வாதாட விடாமல் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்கை இழுத்து ஜெயித்த வக்கீல் அவர். துறந்தபோது 'கதவு' என்று பொருள்படும் லாபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். எல்லாரும் அப்படி யோசித்து வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. புனிதர் பெயர், பிரெஞ்சுக்காரர்களின் முதற்பெயர், தமிழ்ப் பெயரையே கொஞ்சம் திருகி பிரெஞ்சு ஓசைக்குக் கொண்டுவந்தது என்று எல்லா வகையும் உண்டு.

தேடலை நாந்த் நகரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வெளிநாட்டிலும் பழைய காலனிகளிலும் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகளுக்கான மத்தியச் சேவை 1965 முதல் அங்கே இருக்கிறது. இணையத்தில் கேட்டால் இலவசமாகப் பிரதி கிடைக்கும். என் பிறப்புப் பதிவு, இந்தோசீனாவில் பிறந்த அம்மாவின் பதிவு, தாத்தா பாட்டியின் திருமணப் பதிவு என்று மூன்றையும் முதலில் வாங்கினேன். திருமணப் பதிவை விட்டுவிடாதீர்கள். பிறப்புப் பதிவில் இல்லாத விவரமெல்லாம் அதில்தான் இருக்கும்: மாப்பிள்ளையின் பெற்றோர் யார், எந்த ஊர், என்ன தொழில், உயிரோடு இருக்கிறார்களா என்பது வரை.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகம். நேரில் போக வேண்டியதில்லை. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஊரையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பெயரைத் தட்டினால் ஆள் வந்து நிற்பார் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆண்டுக் கடைசியில் ஓர் அகரவரிசை இருந்தால் அதிர்ஷ்டம்.

எழுத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். பிரெஞ்சு எழுத்தர் தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 'உ' வரும் இடத்தில் இரண்டு எழுத்து, 'ன்' என்று முடியும் இடத்தில் வாலாக ஓர் உயிரெழுத்து. கண்ணால் பார்த்தால் என்னவோ போல இருக்கும். வாய்விட்டுப் படித்தால் அந்தோணிசாமியும் சவரிராயனும் வெளியே வந்துவிடுவார்கள். புதுச்சேரியை ஒட்டிய உழவர்கரை என்ற ஊர்ப் பெயரை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒரே ஆள் மூன்று பதிவில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். அதற்காகப் பயந்து மூன்று ஆளாக்கிவிட வேண்டாம்.

எனக்குத் திருப்பம் கிடைத்தது தாத்தாவின் அப்பாவுடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில். அந்தக் குழந்தைக்குப் பதிவில் குடும்பப் பெயரே இல்லை. இன்னாரின் மகன் என்று மட்டும். பக்கத்து ஓரத்தில், வேறொரு மையில், வேறொரு கையெழுத்தில், அப்பா துறந்த தேதியும் அன்றிலிருந்து இந்தப் பிள்ளைக்கு உரிய குடும்பப் பெயரும். அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு போனபோது துறவுப் பதிவே அகப்பட்டது. முழுக்க பிரெஞ்சு. ஆண்டு, மாதம், மணி எல்லாம் எழுத்தால். இன்னார், விவசாயி, இத்தனை வயது, தன் வழக்கச் சட்டத்தை இன்றோடு திரும்பப் பெற முடியாதபடி துறக்கிறேன் என்கிறார், இந்தக் குடும்பப் பெயரை ஏற்கிறேன் என்கிறார். கீழே அதிகாரியின் சுழித்த கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் தாத்தாவின் தாத்தா, தமிழில், புள்ளி வைக்காத பழைய எழுத்தில், தன் பழைய பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருக்கிறார். நான்கு வரி மேலே ஏற்ற புதுப் பெயரை அவருக்கு எழுதத் தெரிந்திருக்காது. படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு, உன்னுது மாதிரி இல்ல" என்றார்.

ஏன் அந்தப் பெயர் என்று பதிவில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அதே ஆண்டுப் பதிவேட்டில் அவருடைய சொந்தத் தம்பியும் துறந்திருக்கிறார். அதே அப்பா, அதே அம்மா, அதே கிராமம்; எடுத்துக்கொண்ட பெயர் முற்றிலும் வேறு. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய்ச் சொன்னதால் அண்ணன் தம்பிகள் வேறு வேறு குடும்பப் பெயரோடு வீடு திரும்பியது அன்றைக்கு நடந்திருக்கிறது. எங்கள் பெயர் ஏன் இவ்வளவு அரிது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. பிரான்சில் ஒரு பெயர் பல நூறு ஆண்டுகளாகக் கிளைவிட்டு வளர்ந்தது. 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னரின் ஆணை பாதிரியார்களை ஞானஸ்நானப் பதிவேடு வைக்கச் சொன்னது. 1794இல் புரட்சி அரசு பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் கூடாது என்று கட்டிப்போட்டது. அதற்குள் சித்தப்பா பெரியப்பா மக்கள் நூறு கிராமங்களுக்குப் பரவியிருப்பார்கள். எங்கள் பெயரோ ஒரு மனிதரிடம், ஒரு நாளில் தொடங்கியது. அவர் வழியில் ஆண் பிள்ளை இல்லாமல் போனால் பெயரும் அதோடு முடிந்துவிடும்.

மீதிப் பாதி விடை கணக்கு எடுக்கும் முறையில் இருக்கிறது. இன்சே என்னும் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் கணக்கை வைத்து, 1891 முதல் 1990 வரை 25 ஆண்டுக்கு ஒரு துண்டாக, எந்தப் பெயரில் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் பிறந்தார்கள் என்று காட்டும் தளங்கள் உண்டு. ஜெயோபத்ரோனிம் அதில் பழைய கை. எங்கள் பெயரைத் தட்டியபோது முதல் துண்டில் ஒத்-லுவார் மாவட்டத்தில் மட்டும் ஒரு சின்னப் புள்ளி. மலைப்பக்கம், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஊர். கடைசித் துண்டில் அந்தப் புள்ளியே இல்லை. அதற்குப் பதிலாகப் பாரிசின் வடக்குப் புறநகரில் ஒன்று. அந்தப் புறநகர்க்காரர்கள் யாரென்று எனக்குத் தெரியும், சின்னம்மாவின் கல்யாணத்துக்கு வந்தவர்கள். ஒரே பெயரில் இரண்டு குடும்பம். ஒன்று முடியும் நேரத்தில் இன்னொன்று தலைகாட்டியிருக்கிறது.

இந்தக் கணக்கு பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர்களை மட்டும் எண்ணுகிறது. புதுச்சேரியில் பிறந்த தாத்தாவும் இந்தோசீனாவில் பிறந்த அம்மாவும் அதில் வரவே மாட்டார்கள். இணையத்தில் உங்கள் பெயருக்குப் பூஜ்யம் என்று வந்தால் அதனால் மனம் தளராதீர்கள். எங்களைப் போன்றவர்களுக்குச் சரியான இடம் இறப்புக் கோப்பு. 1970 முதல் பதிவான இறப்புகளை இன்சே 2019 இறுதியில் பொதுவில் திறந்துவிட்டது. அதில் பிறந்த ஊரும் இருக்கும். பெயரைப் போட்டால் பிறந்த இடம் புதுச்சேரி, காரைக்கால், சைகோன் என்று வரிசையாக வருகிறார்கள். ஜெனேயாநெட் என்ற வம்சாவளித் தளத்தில் கிடைக்காத ஒரு பெரிய தாத்தாவை நான் அங்கேதான் பிடித்தேன்.

ஒத்-லுவார் புள்ளி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே உள்ள ஒரு பெயர் உழவர்கரை விவசாயியின் காதுக்கு எப்படிப் போய்ச் சேரும்? பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையின் பாதிரியார்கள் 1776இல் புதுச்சேரி மறைப்பணியை ஏற்றவர்கள். அந்தச் சபையின் ஆவணப் பிரிவு ஒவ்வொரு பாதிரியாருக்கும் பிறந்த ஊர், போன நாடு, இறந்த இடம் என்று ஒரு குறிப்பு எழுதி இணையத்தில் வைத்திருக்கிறது. தேடினேன். அதே பெயர், அதே மாவட்டம், எங்கள் பக்கத்துப் பங்குக் கோயிலில் வேலை பார்த்தவர். அவர்தான் ஞானஸ்நானம் கொடுத்தாரா, கடன் கொடுத்தாரா, வெறுமனே நல்ல மனிதராக இருந்தாரா, அந்தக் குறிப்பில் இல்லை. எனக்கு இது போதும். கவர்னர் கதையை விட இது நம்பும்படியாக இருக்கிறது. அம்மாவுக்குத்தான் கவர்னரை விட மனமில்லை.

அப்புறம் மேரி, அதாவது நகராட்சி அலுவலகம். வசிக்கும் ஊர் நகராட்சியிலோ பிறந்த ஊர் நகராட்சியிலோ விண்ணப்பிக்கலாம். படிவம், அடையாள அட்டை, முகவரிச் சான்று, மூன்று மாதத்துக்குள் எடுத்த முழுப் பிறப்புப் பதிவுப் பிரதி, பிள்ளைகள் இருந்தால் அவர்களுடையதும். கொடுத்த பிறகு குறைந்தது ஒரு மாதம் யோசிக்க விடுவார்கள். அதன் பின் நேரில் போய் உறுதி செய்ய வேண்டும். போகவில்லை என்றால் விண்ணப்பம் நடக்காது.

சிக்கல் எழுத்துக்கூட்டலில் வந்தது. மேரியில் இருந்த பெண் அலுவலர் என் பதிவையும் அம்மாவின் பதிவையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தார். என் பதிவில் அம்மா பெயரில் ஒரு மெய்யெழுத்து இரட்டையாக இருக்கிறது. அம்மாவின் சொந்தப் பதிவில் ஒற்றை. "எதை எழுதட்டும், முசியே?" நமக்கு எது பிடிக்கும் என்பது இங்கே கேள்வி இல்லை. பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான். அம்மாவின் பதிவை எழுதிய எழுத்தர் தவறவிட்ட எழுத்தை முதலில் திருத்தியாக வேண்டும். இத்தகைய எழுத்துப் பிழையை வழக்குப் போடாமல் இலவசமாகத் திருத்தக் கேட்கலாம். காலனிப் பதிவுகளுக்கு அதுவும் நாந்த்தான். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த தாத்தாவின் திருமணப் பதிவும் அந்த ஓரக்குறிப்பும் இரட்டை எழுத்தோடு இருந்ததால் சான்றுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அம்மா கையெழுத்திட்டு அனுப்பினோம். மாதங்கள் ஓடின. திருத்தம் வந்தது. மறுபடி மேரி, மறுபடி ஒரு மாதம், உறுதி.

என்னைப் போல இரண்டு பெயரையும் சேர்த்து எடுத்தால் நடுவே இடைவெளி மட்டும், கோடு கிடையாது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தானாக மாறிவிடும். அதற்கு மேல் என்றால் அவர்கள் சம்மதிக்க வேண்டும். எங்கள் பெரியவன் யோசித்துப் பார்த்துவிட்டு, வாழ்நாள் முழுக்க போனில் எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியாது என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். சின்னவனுக்கு வந்துவிட்டது. நாளை அவன் தன் பிள்ளைக்குத் துணையின் பெயரையும் சேர்த்துக் கொடுப்பதானால், இந்த இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும்.

பாட்டியின் பெயரையோ அதற்கு முந்தையதையோ எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த எளிய வழி பொருந்தாது. அவர்கள் சிவில் சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி நீதி அமைச்சகத்துக்கு எழுத வேண்டும். அழியப்போகும் பெயரைக் காப்பாற்றுவது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட காரணம்தான், நான்காம் உறவுமுறைக்குள் அந்தப் பெயர் இருந்தால். அரசிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும், அதற்குச் செலவு உண்டு. ஆணை வந்த பிறகும் யாராவது ஆட்சேபிக்க இரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது. அரிதான பெயர் என்று நிரூபிக்க அந்த இன்சே கணக்கையும் குடும்ப மரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

பெயர் மாறிய பின் செய்ய வேண்டிய வேலை தனி. அடையாள அட்டை, பாஸ்போர்ட், கார்த் வித்தால் என்னும் மருத்துவக் காப்பீட்டு அட்டை, வங்கி, வண்டிப் பதிவு. வங்கிக்காரர் அட்டையில் அத்தனை எழுத்து அடங்காது என்று பாதியில் வெட்டிக் கொடுத்தார். நம்மில் பலரிடம், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டை இருக்கிறது. அதில் பழைய பெயர், புதுப் பாஸ்போர்ட்டில் புதுப் பெயர் என்று விமான நிலையத்தில் நிற்காதீர்கள். முதலில் அதை மாற்றிவிட்டு ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.