1,120லிருந்து 1,800: ஒரு பதிவேட்டு வரியும் எம்எச்370 ஊகங்களும்

விமானிகளுக்கான ஆக்ஸிஜன் சிலிண்டரை நிரப்புவது லைன் மெயின்டனன்ஸில், அதாவது விமானம் கிளம்பும் முன் தரையில் நடக்கும் பராமரிப்பில், ரொம்பச் சாதாரண வேலை. கையில் கிரீஸ் இருக்கக் கூடாது. எண்ணெய் பட்ட துணி பக்கத்திலேயே வரக் கூடாது. வால்வை மெதுவாகத்தான் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் சிலிண்டர் சூடாகி, மானி கூடுதலாகக் காட்டிவிட்டு, ஆறியதும் கீழே இறங்கிவிடும். அப்புறம் வெப்பநிலை அட்டவணையோடு ஒப்பிட்டு, முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு என்று டெக் லாக் என்ற பராமரிப்புப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங்கில் பல வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். விமான மின்னணுச் சாதனங்களைப் பார்க்கும் ஏவியானிக்ஸ்தான் என் பிரிவு என்றாலும், நைட் ஷிஃப்டில் ஆள் குறைந்தால் இதற்கும் போய் நிற்பேன்.

2014 மார்ச் 7ஆம் தேதி, பெய்ஜிங் கிளம்ப இருந்த, பிறகு காணாமல் போன எம்எச்370க்கும், மலேசியா ஏர்லைன்ஸின் அந்தப் போயிங் 777க்கும், இதே வேலை நடந்தது. சிலிண்டரின் அழுத்தம் 1,120 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) இருந்தது, 1,800க்கு நிரப்பப்பட்டது. புறப்படுவதற்குத் தேவையான குறைந்தபட்ச அளவு இதைவிட எவ்வளவோ கீழே. நேரம் கிடைத்ததால் நிரப்பினார்கள். நாங்களும் அப்படித்தான் செய்வோம். விசாரணை அறிக்கையில் இது ஒரு சின்னப் பத்தி.

அந்தப் பத்தியை வைத்துக் கிளம்பிய கதைகளைப் பிரிக்பீல்ட்ஸ் டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், கல்யாண மண்டபத்திலும் கேட்டிருக்கிறேன். ஏன் சரியாக அன்றைக்கு நிரப்பினார்கள்? யார் நிரப்பச் சொன்னது? பயணிகளுக்கு மூச்சுத் திணற வைத்துவிட்டு விமானி மட்டும் நீண்ட நேரம் மூச்சு விடுவதற்காகவா? சொந்தத்தில் ஒரு தம்பி பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, நீங்க அந்த லைன்லதானே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாம இருக்குமா? சொல்லக் கூடாதுன்னு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்தது பதிவேட்டில் இருப்பதுதான் என்றேன். அவன் நம்பவில்லை.

நான் அந்த நிறுவனத்தில் இல்லை. அதே விமான நிலையத்தில் வேறு இடம். அன்று சிலிண்டரை நிரப்பிய கை யாருடையது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் செய்கிற வேலையைச் சரியாகச் செய்துவிட்டு வீட்டுக்குப் போன ஒரு மனிதர், மறுநாளிலிருந்து உலகத்தின் சந்தேகக் கதையில் ஒரு பாத்திரமாகிவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனது வலிக்கிறது.

விமானம் நள்ளிரவு தாண்டி 12:42க்குக் கிளம்பியது. ஊழியர் 12 பேர், பயணிகள் 227 பேர், மொத்தம் 239 உயிர். 1:19க்குக் கடைசிப் பேச்சு. 1:21க்கு, வியட்நாம் கட்டுப்பாட்டுக்குள் நுழைகிற இகாரி என்ற புள்ளியைத் தாண்டியதும், ராடார் திரையிலிருந்து அதன் அடையாளம் மறைந்தது. ராணுவ ராடாரில் அது திரும்பி வந்து, தீபகற்பத்தைக் கடந்து, மலாக்கா நீரிணையின் வடக்குப் பக்கமாகப் போனது 2:22 வரை தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த ராடாரிலும் இல்லை.

முதல் வாரம் எப்படி இருந்தது என்பது இங்கே இருந்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். தென் சீனக் கடலில் எண்ணெய்ப் படலம் என்றார்கள், கதவு மிதக்கிறது என்றார்கள், சாட்டிலைட் படத்தில் மூன்று பெரிய துண்டுகள் தெரிகின்றன என்றார்கள். திருட்டுப் பாஸ்போர்ட்டில் இரண்டு ஈரானிய இளைஞர்கள் ஏறியிருந்தது தெரிந்ததும் பயங்கரவாதம் என்று முடிவே கட்டிவிட்டார்கள்; அவர்கள் ஐரோப்பாவில் தஞ்சம் தேடிப் போனவர்கள் என்பது பிறகுதான் வந்தது. சரக்கில் நாலரை டன் மங்குஸ்தான் இருந்ததைக்கூட விடவில்லை. கடைசி வார்த்தை "ஆல் ரைட், குட் நைட்" என்று முதலில் வெளியானது. இப்படியா ஒரு விமானி பேசுவார் என்று அந்தத் தொனியை வைத்து மனநிலை ஆராய்ச்சியே நடந்தது. வாரங்கள் கழித்து வெளியான எழுத்துப் பதிவில் இருந்தது "குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஸீரோ". எந்த விமானியும் தினம் சொல்கிற வாக்கியம்.

மக்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதிகாரிகள் காலையில் ஒன்று சொல்லி, மாலையில் மாற்றினார்கள். திரும்பி வந்தது ராணுவ ராடாரில் பதிவாகியிருந்தும் தென் சீனக் கடலில் தேடல் ஒரு வாரம் ஓடியது. உறவினர்கள் பெய்ஜிங் ஓட்டலில் உட்கார்ந்து கதறினார்கள். மார்ச் 24ஆம் தேதி, விமானம் தென் இந்தியப் பெருங்கடலில் முடிந்தது என்ற செய்தி சில குடும்பங்களுக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போனது. இப்படி நடத்தப்பட்டவர்கள் எதை நம்புவார்கள்?

என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி டிரான்ஸ்பாண்டர் பற்றியது, விமானத்தின் அடையாளத்தைத் தரை ராடாருக்குச் சொல்லும் சாதனம் அது. "அதை ஆஃப் பண்ணவே முடியாதபடி செய்திருக்கலாமே?" நியாயமான கேள்வி. விமானத்தில் எந்த மின்சாதனமும் புகையலாம், ஷார்ட் ஆகலாம். காக்பிட்டில் புகை நாற்றம் வந்தால் எது காரணம் என்று ஒவ்வொன்றாகத் துண்டித்துத்தான் பார்க்க வேண்டும். துண்டிக்கவே முடியாத சாதனம் என்றால் அதுவே ஒரு ஆபத்து. இரண்டு டிரான்ஸ்பாண்டர் இருக்கும், ஒன்று பழுதானால் அடுத்ததற்கு மாற்ற வேண்டும். அதற்கும் சுவிட்ச் வேண்டும். ஆகவே ஆஃப் ஆனது என்பதை மட்டும் வைத்து ஒருவர் கை வைத்தார் என்றும் சொல்ல முடியாது, தீப்பிடித்தது என்றும் சொல்ல முடியாது. இந்தப் பதிலைச் சொன்னால் கேட்பவர் முகம் வாடிவிடும். ஆள் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பார்.

என் துறைக்காரனாக என்னைப் பல இரவுகள் யோசிக்க வைத்தது சாட்காம். சாட்டிலைட்டோடு பேசும் அந்தச் சாதனம் 1:07க்குப் பிறகு எப்போதோ அடங்கிப்போனது. 2:25க்குத் தானாக மறுபடி லாகான், அதாவது சாட்டிலைட்டோடு இணைப்பு, கேட்டது. மின்சாரம் போய் மறுபடி வந்தால்தான் பெரும்பாலும் அப்படி ஆகும். யாராவது மின்சாரத்தைத் துண்டித்தார்களா, தானாகப் போனதா, ஏன் திரும்பி வந்தது என்பதற்குப் பதில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு காலை வரை அது உயிரோடு இருந்தது. ஒரு மணி நேரம் சத்தமில்லாவிட்டால் பெர்த்தில் உள்ள தரைநிலையம், இரவுக் காவல்காரர் குரல் கொடுப்பது மாதிரி, "இருக்கியா?" என்று கேட்கும்; விமானத்தில் உள்ள பெட்டி "இருக்கேன்" என்று சொல்லும். இருக்குமிடத்தை அது சொல்வதில்லை. 2:39க்கும் 7:13க்கும் தரையிலிருந்து போன் செய்தார்கள். யாரும் எடுக்கவில்லை. 8:19க்கு இன்னொரு லாகான். எரிபொருள் தீர்ந்து மின்சாரம் அறுந்து, துணை இயந்திரம் கிளம்பியதோடு அது பொருந்துகிறது. அத்தோடு சரி.

நாங்கள் தரையில் சாட்காமைச் சோதிக்கும்போது லிங்க் கிடைத்ததா, கால் போகிறதா என்று மட்டும்தான் பார்ப்போம். பதில் வர எத்தனை மைக்ரோ செகண்ட் ஆனது என்று எங்களில் யாரும் கவலைப்பட்டதில்லை. அந்தச் சாட்டிலைட்டை இயக்கிய இன்மார்சாட் நிறுவனத்தின் பொறியாளர்கள் அந்தத் தாமதத்தைத்தான் எடுத்தார்கள். தாமதம் தெரிந்தால் சாட்டிலைட்டிலிருந்து தூரம் தெரியும். தூரம் தெரிந்தால் பூமிமேல் ஒரு வளையம் வரையலாம். அப்படி 8:19இன் கடைசித் தொடர்புக்கு வந்ததுதான் ஏழாவது வளையம். வடக்கே கஜகஸ்தான் பக்கமா, தெற்கே பெருங்கடலா என்பதை அலைவரிசையில் ஏற்பட்ட நுண்ணிய விலகலை வைத்து, அதே மாதிரி மற்ற விமானங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பிரித்தார்கள். முதலில் கேட்டபோது மற்ற எல்லாக் கதைகளையும்விட இதுதான் நம்ப முடியாததாக இருந்தது எனக்கு. ஒரு விமானத்தைத் தேட இந்த வழியை அதற்குமுன் யாரும் கையாண்டதில்லை. ஆனாலும் தங்கள் எண்களை வெளியே வைத்தார்கள், அடுத்தவர் கணக்குப் போட்டுப் பார்க்க விட்டார்கள், தவறு என்றால் எங்கே தவறாகும் என்றும் சொன்னார்கள். இந்தியப் பெருங்கடலில் அமெரிக்க ராணுவத் தளம் இருக்கும் டியேகோ கார்சியா தீவில் ரகசியமாக இறக்கிவிட்டார்கள் என்று சொன்னவர்கள் யாரும் அப்படி எதையும் முன்னால் வைக்கவில்லை.

அடுத்த வருடம் ஜூலை 29ஆம் தேதி இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் கரையில் ஒரு ஃபிளாப்பரான், இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பாகம், ஒதுங்கியது. அடையாளத் தகடு அதில் இல்லை என்றதும், யாரோ கொண்டுவந்து போட்டது என்று உடனே ஒரு கூட்டம் கிளம்பியது. ஒரு பாகத்தைக் கழற்றிப் பார்த்த எவருக்கும் தெரியும், தகடு ஒன்றுதான் அடையாளம் என்பதில்லை. உள்ளே ஒவ்வொரு துண்டிலும் எண் இருக்கும், அதைச் செய்த துணை நிறுவனத்தின் கோப்பிலும் இருக்கும். பிரெஞ்சு விசாரணைக்காரர்கள் உள்ளே இருந்த எண்களை ஸ்பெயினில் இருந்த தயாரிப்புப் பதிவோடு ஒப்பிட்டுச் செப்டம்பரில் உறுதிசெய்தார்கள். பிறகு தான்சானியாவிலும் மொரிஷியஸிலும் கிடைத்த ஃபிளாப் துண்டுகளும் அதே விமானத்துடையவை என்று உறுதியானது.

என் ஆதங்கம் வேறு இடத்தில். 2015இலும் 2018இலும் வந்த அதிகாரபூர்வ அறிக்கைகளை லீவு நாட்களில் உட்கார்ந்து படித்தேன். அன்று நடந்த உண்மையான தவறுகள் அவற்றில் எழுத்தில் இருக்கின்றன. அந்தத் தவறுகளைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்டதே இல்லை.

கறுப்புப் பெட்டிகளில் ஒன்றான ஃபிளைட் டேட்டா ரெக்கார்டரில் ஒரு சின்ன உருளை பொருத்தியிருக்கும். தண்ணீர் பட்டால் 37.5 கிலோஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும், சுமார் 30 நாள். அந்த விமானத்தில் இதன் பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதி ஆகிவிட்டது. ரெக்கார்டரை முன்பு மாற்றியபோது கணினியில் சரியாக ஏற்றாததால், மாற்ற வேண்டிய நேரம் வந்தது யாருக்கும் தெரியவில்லை. குரல் பதிவுப் பெட்டியின் உருளை காலாவதி ஆகவில்லை, அதனால் இது ஒன்றே தேடலைக் கெடுத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தேதி. யாராவது ஒருவர் கண் பட்டிருந்தால் போதும்.

இன்னொன்று. 1:21க்கு மறைந்த விமானம் தங்களிடம் பேசவில்லை என்பதை ஹோ சி மின் கட்டுப்பாட்டு அறை 1:39க்குத்தான் கோலாலம்பூரிடம் கேட்டது. ஐந்து நிமிடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். இரண்டு மணி வாக்கில், விமானம் கம்போடிய வான்வெளியில் இருப்பதாக நிறுவனத்தின் செயல்பாட்டு மையத்திலிருந்து தகவல் வந்தது. அந்த நேரத்தில் அது மலாக்கா நீரிணைக்கு மேல் இருந்தது. அந்த மையத்தின் திரை காட்டியது உண்மையான இடத்தை இல்லை. திட்டப்படி போயிருந்தால் இந்நேரம் எங்கே இருக்கும் என்ற கணிப்பை. இது தெளிவானது 3:30 வாக்கில். தேடுதலுக்கான அவசர அறிவிப்பு 5:30க்கு மேல்தான் வந்தது. எம்எச்370 பற்றிய முதல் ஊகத்தைச் செய்தது பொதுஜனம் இல்லை, ஒரு கணினித் திரை. அதை உண்மை என்று எடுத்துக்கொண்டதில் போன மணிநேரங்கள் எந்தத் தேடலாலும் திரும்பக் கிடைக்காதவை. 2018 அறிக்கை வந்த மறுநாள் சிவில் விமானத் துறைத் தலைவர் பதவி விலகினார். ஒருநாள் செய்தியாக வந்து போனது. மக்கள் அப்போதும் கேப்டன் வீட்டு சிமுலேட்டரை, கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் ஏற்பாட்டை, பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த சிமுலேட்டரில் இந்தியப் பெருங்கடல் புள்ளிகள் இருந்தது உண்மை. அறிக்கையே அதைச் சொல்கிறது. கேப்டனின் நடத்தையில் மாற்றம் எதுவும் தென்படவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. திரும்பியது கையால் ஓட்டித்தான் இருக்க வேண்டும் என்கிறது, மூன்றாவது ஆள் தலையிட்டிருக்கலாம் என்பதையும் தள்ளிவிட முடியாது என்கிறது, காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று முடிக்கிறது. இந்த முடிவைக் கையாலாகாத்தனம் என்று திட்டினார்கள். என் தொழிலில் அளக்காத எண்ணைப் பதிவேட்டில் எழுதுவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அவர்கள் எழுதவில்லை. அதற்காக நான் அவர்களை மதிக்கிறேன். கேப்டனுக்கும் குடும்பம் இருக்கிறது. தீர்ப்பு வராத குற்றத்தை அவர்கள் வருடக்கணக்கில் சுமக்கிறார்கள்.

நடந்ததிலிருந்து சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. அந்த உருளைகள் இப்போது 90 நாள் ஒலிக்கும். கடலுக்கு மேல் போகும் பெரிய விமானங்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடம் சொல்ல வேண்டும் என்ற விதி 2018 நவம்பரில் அமலுக்கு வந்தது. எங்கள் இடத்தில் ரெக்கார்டர் மாற்றினால் உருளையின் தேதியை ஒருவர் உரக்கப் படிப்பார், இன்னொருவர் கணினியில் ஏற்றுவார், மூன்றாமவர் திரையில் வந்ததை உருளையோடு ஒப்பிடுவார். புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஏன் என்று நானே உட்கார்ந்து சொல்வேன்.

1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் தேடிவிட்டு 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். 2018இல் ஓஷன் இன்ஃபினிட்டி என்ற தனியார் நிறுவனம் தேடியது. 2025 மார்ச்சில் மலேசிய அரசு அதே நிறுவனத்துக்கு மறுபடி ஒப்புதல் தந்தது; கண்டுபிடித்தால் 7 கோடி டாலர், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்ற ஒப்பந்தம். கிடைக்கும் வரை விடக் கூடாது என்பது என் ஆசை. பெட்டி கிடைத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்த விமானத்தின் குரல் பதிவுப் பெட்டி கடைசி இரண்டு மணி நேரத்தைத்தான் வைத்திருக்கும். 1:21க்கு காக்பிட்டில் பேசியது அழிந்து, அதன் மேல் காலை நேரம் பதிவாகியிருக்கும். டேட்டா ரெக்கார்டர் அப்படி இல்லை, 25 மணி நேரம் பிடிக்கும். அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் ஃபிரான்ஸ் 447 விமானத்தின் பெட்டிகளை ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்து, உள்ளே இருந்ததைப் படித்தார்கள். இதையும் படிக்க முடிந்தால், எந்த நிமிடத்தில் மின்சாரம் போனது, எந்தப் பக்கம் திருப்பினார்கள், கேபின் அழுத்தம் என்ன ஆனது என்பதெல்லாம் வரிசையாக அதில் இருக்கும்.