பழைய லேத்தில் சென்சார் மாட்டி மானியம் வாங்கிய கதை

பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. மெஷின்கள் எவ்வளவு நேரம் ஓடுகின்றன, ஏன் நிற்கின்றன என்பதைக் கணினியில் பார்க்கும் ஏற்பாட்டை மானியத்தோடு செய்து முடித்திருக்கிறோம். இதில் இறங்க நினைப்பவர்களுக்கு, படிவத்தைப் படித்தால் மட்டும் புரியாத சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் பணம். எங்களுக்குக் கிடைத்தது, செலவில் பாதியைத் திருப்பித் தரும் மானியம். முழுத் தொகையையும் நாம்தான் சப்ளையருக்குக் கட்ட வேண்டும். இன்வாய்ஸ், பணம் கட்டிய வங்கிச் சான்று, மாட்டிய பிறகு எடுத்த படம் எல்லாம் கொடுத்து, மானியம் தருபவர்கள் வந்து பார்த்த பிறகுதான் பாதி திரும்பி வரும். அதுவரை சம்பளமும் மூலப்பொருள் பில்லும் காத்திருக்காது. அதனால் விண்ணப்பிக்கும்போதே வங்கியில் குறுகிய காலக் கடனுக்குப் பேசி வைத்தோம். அது இல்லாவிட்டால் நடுவில் மூச்சு முட்டியிருக்கும்.

ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் முன் ஆர்டர் போடாதீர்கள், அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். அதற்கு முந்தைய தேதியில் ஆன செலவு எங்கள் திட்டத்தில் கணக்கில் சேராது. ஒரு சப்ளையர் தள்ளுபடியைக் காட்டி நெருக்கினார், நாங்கள் அசையவில்லை.

படிவத்தில் எங்களை அதிகம் வேலை வாங்கிய கேள்வி ஒன்றுதான்: இப்போது மெஷின் எவ்வளவு நேரம் உருப்படியாக ஓடுகிறது? கையில் எண் இல்லை. ஆகவே ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு தாள் தொங்கவிட்டோம். நின்றால் நேரமும் காரணமும் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானின் செய்ச்சி நாகாஜிமா வகுத்த ஓஇஇ (மெஷினின் மொத்தப் பயன்திறன்) கணக்கு இதற்குப் பொருத்தம். மெஷின் கிடைத்த நேரம், ஓடிய வேகம், தேறிய உருப்படி மூன்றையும் சதவீதமாக எடுத்துப் பெருக்க வேண்டும். 90, 95, 99 சதவீதம் என்று வைத்தாலே பெருக்கினால் சுமார் 85தான் வரும். அதையே உயர்ந்த அளவுகோலாகச் சொல்வார்கள். நாங்கள் அதற்கு வெகு தூரத்தில் இருந்தோம்.

தாள்களைக் கூட்டிப் பார்த்தபோது, ரிப்பேரில் போன நேரம் குறைவு. செட்டிங் மாற்றுவதிலும், முதல் உருப்படியை அளந்து ஓகே வாங்கக் காத்திருப்பதிலும்தான் நேரம் கரைந்திருந்தது. புது மெஷின் வேண்டும் என்ற பேச்சு அதோடு நின்றது. விண்ணப்பத்தையே கண்காணிப்புக்கும் டிஜிட்டல் அளவுக்கருவிகளுக்கும் என்று மாற்றி எழுதினோம். மானியம் கிடைக்காமல் போயிருந்தாலும் அந்தத் தாள்களுக்காகவே இந்த வேலை தகும் என்பது என் எண்ணம்.

சரி, கணினியோடு பேசவே தெரியாத பழைய லேத்தை என்ன செய்வது? ஸ்பிண்டிலை, அதாவது உருப்படியைப் பிடித்துச் சுழற்றும் தண்டை, ஓட்டும் மோட்டாரின் வயரைச் சுற்றி ஒரு கிளாம்ப் சென்சார் மாட்டினால் போதும். வெட்டும்போது கரன்ட் ஏறும், சும்மா சுற்றும்போது இறங்கும். வயரை அறுக்க வேண்டாம். கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷின்களில் கன்ட்ரோலரே தகவல் தரும். கருவிகள் தங்களுக்குள் தகவல் பரிமாற 1979இல் வந்த மோட்பஸ் என்ற முறை இன்றும் பல கருவிகளில் புழங்குகிறது, அதனால் பழசு என்று ஒதுக்கும் முன் மேனுவலைப் புரட்டுங்கள்.

ஆனால் சென்சாருக்கு மெஷின் நின்றது தெரியும், ஏன் நின்றது என்று தெரியாது. அதை ஆபரேட்டர்தான் திரையில் தொட்டுச் சொல்ல வேண்டும். மூத்த ஆபரேட்டர் ஒருவர் நேராகவே கேட்டார்: "தம்பி, இது மெஷினைப் பார்க்கவா, எங்களைப் பார்க்கவா?" நியாயமான கேள்வி. ஆள் பெயர் எங்கும் பதியாது, மெஷின் எண் மட்டும்தான் என்று முடிவு செய்து, பெரிய திரையை ஆபீசில் வைக்காமல் ஷாப் ஃப்ளோரில் மாட்டினோம். காரணப் பட்டியலையும் ஆபரேட்டர்களே எழுதிக் கொடுத்தார்கள். "டிராயிங் வரவில்லை" என்று அவர்கள் சேர்த்த காரணம் ஆபீஸ் பக்கத்துக் குறையைக் காட்டியது. இப்போது ஜாப் தொடங்கும் முன்பே டிராயிங் மெஷினுக்கு வந்துவிடுகிறது.

கையெழுத்துப் போடும் முன் சப்ளையரிடம் இரண்டு கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். கண்காணிப்பு மென்பொருளுக்கான சந்தாவை நிறுத்தினால் நம் தரவை முழுதாக எடுத்துக்கொள்ள முடியுமா? அடுத்த வருடங்களின் சந்தா எவ்வளவு? எங்கள் மானியம் முதல் வருடத்துக்கு மட்டும்தான். மிச்சம் நம் கைக்காசு.